தம்பி வீட்டுக்கு எந்த மருத்துவக் காப்பீடு? 26,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு கணக்கு

என் சித்தி மகனுக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். போன ஜூனில் அவன் சம்பளம் 20,500-லிருந்து 26,000 ஆனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துத்தான் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், 21,000-ஐத் தாண்டிவிட்டதால் இனி இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்க மாட்டோம் என்று. அன்று ராத்திரியே போன் செய்தான். "அக்கா, இருக்கறதுலயே கம்மியா ஒரு இன்சூரன்ஸ் சொல்லுங்க."

அவன், மனைவி (32), ஏழு வயது மகள். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அவன் அப்பா அம்மா, அதாவது என் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பாவுக்கு 66 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சித்திக்கு 61. இந்த ஐந்து பேருக்கும் என்ன செய்யலாம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு விடை வேறாக வரலாம், ஆனால் கணக்குப் போடும் வழி பெரும்பாலும் இதேதான்.

முதலில் அவன் எதை இழந்தான் என்று பார்ப்போம். 20,500 சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு அவன் பங்கு 0.75 சதவீதம், மாதம் 154 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், சுமார் 666. இந்த 820 ரூபாய்க்கு அவனுக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும், அவனை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை. இத்தனை லட்சம் வரைதான் என்ற உச்சவரம்பு கிடையாது. தினசரி மாத்திரை, வெளிநோயாளி சிகிச்சைகூட அதில் அடங்கும். சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருடமாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பத்து மடங்கு பணம் கட்டினாலும் இப்படி ஒரு தனியார் பாலிசி கிடைக்காது. டிஸ்பென்சரியில் வரிசை நீளம்தான், பரிந்துரைக் கடிதத்துக்கு அலைய வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 21,000-க்குள் சம்பளம் வாங்கும் ஒருவர், கார்டில் மனைவி பெயரையும் பிள்ளை பெயரையும் சேர்க்காமலே விட்டுவிட்டுத் தனியார் பாலிசிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. திருப்பூரிலும் கோவையிலும் அப்படி எத்தனையோ பேர்.

தம்பிக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் இருந்தது. இ.எஸ்.ஐ. சந்தாவை ஆறு ஆறு மாதமாகக் கணக்கிடுகிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும் வரை பிடித்தம் தொடரும். அப்படிச் செப்டம்பர் வரை கட்டியவருக்கு அதற்கான சிகிச்சை உரிமை அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் 30 வரை உண்டு. அதனால் சம்பளம் ஏறிய மறுநாளே அவன் நடுத்தெருவில் நிற்கவில்லை. புதுப் பாலிசிகளில் விபத்தைத் தவிர மற்ற எதற்கும் முதல் 30 நாள் பணம் வராது. அந்த 30 நாளை இ.எஸ்.ஐ. உரிமை இருக்கும்போதே கடத்திவிடலாம். நிதானமாகத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு நேரம் கிடைத்தது இதனால்தான்.

அப்புறம் பெரியவர்கள். ஏஜென்ட் ஒருவர் வந்து ஐந்து பேரையும் ஒரே ஃபேமிலி ஃப்ளோட்டரில் (குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி) போட்டு விலை சொல்லியிருந்தார். 50,000-க்கு மேல். அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். ஏன் அவ்வளவு என்றால், ஃப்ளோட்டரில் பிரீமியத்தைத் தீர்மானிப்பது வீட்டிலேயே மூத்தவரின் வயது. 66 வயது சித்தப்பா உள்ளே வந்ததும் ஏழு வயதுக் குழந்தை இருக்கும் பாலிசியும் 66 வயதுக்காரர் பாலிசி ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஐந்து பேருக்கும் ஒரே தொகைதான் பொது. சித்தப்பாவுக்கு ஒரு பைபாஸ் செய்தால் அந்த வருடம் மற்ற நால்வருக்கும் மிஞ்சுவது சொற்பம். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே பாலிசியில் போடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

சித்தப்பாவும் சித்தியும் தனிக் குடும்பம், தனி ரேஷன் கார்டு. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2022-ல் அதை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். தம்பியின் வருமானம் அதைத் தாண்டிவிட்டது, ஆனால் பெரியவர்கள் வருமானம் தாண்டவில்லை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், பிரீமியம் அரசே கட்டுகிறது. 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் இன்றைய பெயருக்கு மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த திட்டம் இது. இத்தனை வருடமாகியும் "அதெல்லாம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கறவங்களுக்குத்தானே" என்று சித்தப்பா கேட்டார்.

இதற்கும் எல்லைகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டே நம்ப வேண்டும். பட்டியலில் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். கையில் இருந்து கட்டிவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழி இதில் கிடையாது. ஒரு தனியார் மருத்துவமனை இதயத்துக்குச் சேர்ந்திருக்கும், எலும்புக்குச் சேர்ந்திருக்காது. அவசரத்தில் ஆம்புலன்ஸ் ஏறிய பிறகு இதை விசாரிக்க முடியாது. அதனால் இதயத்துக்கு எங்கே, சிறுநீரகத்துக்கு எங்கே, எலும்பு முறிவுக்கு எங்கே என்று தாராபுரத்துக்கும் கோவைக்கும் இடையில் இருக்கும் மருத்துவமனைகளைத் தனித்தனியாக எழுதிச் சித்தி அரிசி டப்பா மேல் ஒட்டி வைத்திருக்கிறார்.

அரசு கார்டு இருந்தும் சித்தப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு பாலிசி போடலாமா என்றும் யோசித்தோம். 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதைத் தாண்டியவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம், வயதைக் காட்டிக் கதவை மூட முடியாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தையும் நான்கிலிருந்து மூன்று வருடமாகக் குறைத்துவிட்டார்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது. எல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனால் சித்தப்பாவுக்கு வரக்கூடிய பெரிய செலவு சர்க்கரையை ஒட்டித்தான் வரும். மூன்று வருடம் பிரீமியம் கட்டிக்கொண்டே அதற்குக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் கோ-பே இருக்கும். அவன் சம்பளத்தில் இரண்டு பாலிசியை இழுக்க முடியாது. அதற்குப் பதிலாகப் போஸ்ட் ஆபீஸில் மாதம் 1,500 ரூபாய் ஆர்.டி. போடச் சொன்னேன். ஐந்து வருடத்தில் 90,000 அசல், அதற்கு மேல் வட்டி. கார்டு கை கொடுக்காத சின்னச் செலவுகளுக்கு அது ஆகும். பெற்றோருக்கு அரசு கார்டு கிடைக்க வழியே இல்லாதவர்கள் இந்த முடிவை எடுக்கக் கூடாது. அவர்கள் தனிப் பாலிசி எடுத்தே ஆக வேண்டும், அதுவும் அறுபதுக்கு முன்னால் எடுத்தால் நல்லது.

சரி, இனி மூவருக்கான பாலிசி. நிறுவனம் இ.எஸ்.ஐ.க்குப் பதிலாக 2 லட்சத்துக்குக் குழு காப்பீடு போட்டிருந்தது. குழு பாலிசியின் பெரிய நன்மை, அவன் நிறுவனத்தில் இருப்பதுபோல, முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பணம் தருவது. பெரிய குறை, வேலை போனால் அதுவும் போய்விடுவது. பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் நோட்டீஸ் கொடுக்கும்போதே ஹெச்.ஆரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

அவனுக்கு வந்த விலைகள் இவை, எல்லாம் சுமார்தான். வயதுக்கும் ஊருக்கும் தக்கபடி உங்களுக்கு மாறும். ரூம் வாடகைக்கு வரம்பில்லாத 10 லட்சம் ஃப்ளோட்டர் 17,000. எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி 5 லட்சத்துக்கு 9,500. குழு காப்பீட்டை அடித்தளமாக வைத்து, வருடச் செலவு 3 லட்சத்துக்கு மேல் போனால் அந்தக் கூடுதலுக்கு 10 லட்சம் வரை தரும் சூப்பர் டாப்-அப் மட்டும் என்றால் 5,500. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் தரும் சூப்பர் டாப்-அப் 2,800. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது, 17,000-க்கு மேல் இன்னொரு 3,060 கட்டியிருப்பான்.

வரி என்றதும் 80டி, அதாவது மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான வருமான வரிக் கழிவு, ஞாபகம் வருகிறது. "இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் கழிவு உண்டு சார், பாதிப் பிரீமியம் வரியிலயே திரும்பிடும்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். பழைய வரி முறையில் இருந்து, வரி கட்டும் அளவு சம்பாதிப்பவருக்குத்தான் அதனால் லாபம். ஆண்டுக்கு 3,12,000 வாங்கும் தம்பிக்கு வருமான வரியே வராது. வராத வரியில் மிச்சம் பிடிக்க முடியாது. அந்தப் பேச்சை அப்படியே ஒதுக்கிவிட்டோம்.

5,500-தான் விலையில் கம்மி, அவன் மனசு அங்கேதான் நின்றது. நான் வேண்டாம் என்றேன். வேலை இருக்கும் வரை 2 லட்சம் குழு காப்பீடு, அடுத்த 1 லட்சம் சொந்தக் கைக்காசு, அதற்கு மேல் சூப்பர் டாப்-அப். வேலை போய்விட்டால் முதல் 3 லட்சமும் அவன் தலையில். சம்பளம் நின்ற மாதத்தில் 3 லட்சத்துக்கு எங்கே போவான்? கையில் அந்தத் தொகை சேமிப்பாக இருப்பவருக்கு இது நல்ல தேர்வு. அவனிடம் இல்லை.

டாப்-அப் என்றும் சூப்பர் டாப்-அப் என்றும் இரண்டு இருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 5 லட்சத்துக்கு மேல் தரும் பாலிசி என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருடத்தில் 4 லட்சம் பில் இரண்டு முறை வருகிறது. டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் வருடம் முழுவதையும் கூட்டிப் பார்க்கும். மொத்தம் 8 லட்சம், அதில் 3 லட்சத்தைத் தரும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் இருக்கும். சூப்பர் என்ற சொல் பாலிசி தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மீதம் இருந்தவை இரண்டு: 17,000-க்கு 10 லட்சம், அல்லது ஆரோக்கிய சஞ்சீவனியும் சூப்பர் டாப்-அப்பும் சேர்த்து 12,300-க்கு மொத்தம் 15 லட்சம். இதைத் தீர்மானிக்க ரூம் வாடகையைப் பற்றிப் பேச வேண்டும். இது எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து நான் கற்றது.

இரண்டு வருடத்துக்கு முன் என் அப்பாவுக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை. பாலிசி 3 லட்சத்துக்கு இருந்தது. ரூம் வாடகை அதில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 வரைதான். எங்களுக்கு அது தெரியாது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று 6,000 ரூபாய் அறை எடுத்தோம். நாலு நாளைக்கு 12,000 கூடுதல், பரவாயில்லை, அது மட்டும் நம் கையிலிருந்து போகும் என்று நினைத்தோம். மொத்த பில் 1,80,000. ரூம் 24,000, மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கும் செவிலியர் கட்டணமும் சேர்ந்து 96,000, மருந்தும் பரிசோதனைகளும் மற்றவையும் 60,000. தகுதிக்கு மேல் இரண்டு மடங்கு வாடகை அறை எடுத்ததால் ரூமில் பாதியை வெட்டினார்கள். கூடவே அந்த 96,000-லும் பாதியை வெட்டினார்கள். மருந்து, பரிசோதனை போன்றவற்றில் இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டதால் அது தப்பியது. ஆனால் கையுறை, முகக்கவசம் வகையறா என்று 8,000 கழிந்தது. வந்தது 1,12,000. நாங்கள் கட்டியது 68,000. அம்மாவின் வளையலை வைத்துத்தான் அன்று டிஸ்சார்ஜ் ஆனோம்.

மருத்துவமனைகளில் அறையின் தரத்துக்கு ஏற்ப மருத்துவர் கட்டணமும் அரங்கக் கட்டணமும் மாறும். பெரிய அறைக்குப் போனால் அதே அறுவை சிகிச்சைக்கே விலை கூடுகிறது. காப்பீட்டு நிறுவனம் அந்தக் கூடுதலைத் தர மறுப்பதுதான் இந்த வெட்டு. அட்மிஷன் கவுன்ட்டரில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: என் பாலிசியில் எந்த அறை வரை முழுத் தொகை கிடைக்கும்?

ஆரோக்கிய சஞ்சீவனியில் ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையின் 2 சதவீதம், ஆனால் நாளைக்கு அதிகபட்சம் 5,000. ஐ.சி.யு. 10,000. பில்லில் 5 சதவீதம் நம் பங்கு, 3 லட்சம் பில்லுக்கு 15,000. சில நவீன சிகிச்சைகளுக்குத் தொகையில் பாதிவரைதான். சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களுக்கு 5,000 ரூபாய் வரம்பு நெருக்கடி கொடுக்கும், அவர்கள் 17,000 பாலிசியைத்தான் எடுக்க வேண்டும், நான் என்றால் அதைத்தான் எடுப்பேன். தம்பி திருப்பூரிலும் கோவையிலும் ஏழு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு அறை வாடகை கேட்டான். ஐந்தில் 5,000-க்குள் தனி அறை கிடைத்தது. அங்கேதான் முடிவானது. 12,300. மாதத்துக்குப் பிரித்தால் 1,025. பதினைந்து வருடம் கழித்துப் பிரீமியம் ஏறினாலும் விடாமல் கட்ட முடியும் என்ற தெம்பு அவனுக்கு வந்தது இந்தத் தொகையில்தான். நடுவில் விட்டுவிட்டால் கடந்து வந்த காத்திருப்பு வருடங்களும் வீணாகிவிடும்.

சூப்பர் டாப்-அப்புக்குத் தனியாகக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினோம். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் காத்திருந்த காலத்தை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியையும் போனில் குறித்து வைத்தான்.

விண்ணப்பம் நிரப்பும்போதுதான் சின்னச் சண்டை. மனைவிக்கு மூன்று வருடமாகத் தைராய்டு, தினமும் ஒரு மாத்திரை. "அதெல்லாம் எழுதாதீங்க, லோடிங் போட்டுருவாங்க" என்று, அதாவது பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்று, ஏஜென்ட் சொன்னதைத் தம்பி பாதி நம்பிவிட்டான். கட்டாயம் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மறைத்தது பிறகு தெரிந்தால், தைராய்டுக்குச் சம்பந்தமே இல்லாத க்ளெய்மைக்கூட நிராகரித்துப் பாலிசியையே ரத்து செய்ய முடியும். தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய அவர்களால் கேள்வி கேட்க முடியாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. அந்த ஐந்து வருடத்தை நெஞ்சு படபடக்கக் கடத்துவதைவிட ஒரு வரி எழுதிவிடுவது எவ்வளவோ மேல். எழுதினோம். பிரீமியம் ஏறவில்லை, தைராய்டு சார்ந்த சிகிச்சைக்கு மட்டும் மூன்று வருடக் காத்திருப்பு என்றார்கள்.

ஐந்தாம் நாள் பாலிசி தாள் மெயிலில் வந்தது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் படித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டு வரி வரியாகப் படித்தோம். விண்ணப்பத்தில் எழுதிய தைராய்டு தாளில் இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்கள் என்ற கட்டத்தில் "இல்லை" என்று அச்சாகியிருந்தது. அன்றே மெயில் போட்டான். மூன்று முறை நினைவூட்டிய பிறகு, பதினோராம் நாள், திருத்திய தாள் வந்தது. அதை ஒரு பிரதி எடுத்து, சித்தப்பா வீட்டு அரிசி டப்பாவில் இருப்பதுபோலவே, பக்கத்து மருத்துவமனைகளின் பட்டியலோடு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறான்.